தராசுக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்கு

நாங்க மூணு பேரும் கலைப்பீடம். ஒருத்தி வரலாறு, ஒருத்தி மொழியியல், ஒருத்தன் பொருளியல். போன விடுமுறைக்கு தலவாக்கலைக்கு வந்தப்போ ஒரு வாரம் முழுக்க ஒரு மல்டிமீட்டரோடயும் ஒரு தராசோடயும் மல்லுக்கட்டினோம். "ஆர்ட்ஸ் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் இந்தக் கட்டுரை.

டவுன்ல எங்களுக்குத் தெரிஞ்ச மாமா ஒருத்தர் டிவி, ரேடியோ, எமர்ஜென்சி லைட் எல்லாம் திருத்துற கடை வச்சிருக்கார். மேசையில செகண்ட் ஹேண்டா வாங்கின பெரிய மல்டிமீட்டர் ஒண்ணு. முன்பக்கம் அவருக்கு அத்துப்படி. பின்பக்கத்துல ஒன்பது ஊசி நிக்கிற ஒரு ஓட்டை இருந்தது. "இது எதுக்கு மாமா?" என்று கேட்டோம். "அது கம்பெனிக்காரனுக்கு, நமக்கில்ல" என்றார். இத்தனை வருசமா அதில் எதையும் சொருகினதே இல்லை.

அது கம்பெனிக்காரனுக்கான ஓட்டை இல்லை. கருவி கொம்பியூட்டரோட பேசுறதுக்கான வாய்.

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1960களின் கடைசியில ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம், தான் செய்யுற அளவுக் கருவிகளை ஒரே கேபிளில் கோத்து கொம்பியூட்டரால் இயக்க ஒரு முறையை உண்டாக்கியது. 1975ல அது ஐ.ட்ரிபிள்.ஈ 488 என்ற பொது நியமம் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு கம்பெனியின் கருவிக்கும் ஒவ்வொரு பாஷை. 1990லதான் ஸ்கிப்பி என்று சொல்லப்படுற பொதுக் கட்டளை மொழி வந்தது. அந்த மொழியில நட்சத்திரக் குறி போட்டு, ஐ.டி.என் என்று எழுதி, கேள்விக்குறி வைத்து அனுப்பினால், "நீ யார்?" என்று கேட்டதா அர்த்தம். கருவி நாலு விசயத்தைத் திருப்பிச் சொல்லும்: செய்த நிறுவனம், மாடல், தொடர் இலக்கம், உள்ளே ஓடுற மென்பொருளின் பதிப்பு. "மெஷர், வோல்ட், டீ.சீ" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டால் மின்னழுத்தத்தை அளந்து எண்ணைத் தரும். கேள்விக்குறி இல்லாவிட்டால் அது கட்டளை, இருந்தால் வினா. மொழியியல் படிக்கிறவளுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துட்டது. இலக்கணம்தானே இது!

ஆனா அந்த இலக்கணத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு நாலு நாள் ஆச்சு. பைத்தனை இறக்குறது சுலபம். பைவிசா என்ற நூலகத்தை இன்ஸ்டோல் பண்றதும் ஒரே வரிதான். ஓட விட்டால், கீழே இன்னொரு மென்பொருள் வேணும் என்கிறது. அதை இறக்கப் போனால் ஃபோன் டேட்டா பாதி காலி. பிறகுதான் தெரிஞ்சது, அந்தப் பெரிய மென்பொருள் இல்லாமலே பைவிசா-பை என்ற சின்னத் துணை நூலகத்தை வச்சு வேலையை முடிக்கலாம் என்று. இதை முதல் நாளே தமிழில் ஒரு பக்கத்துல யாராவது எழுதி வச்சிருந்தால் டேட்டா காசும் ரெண்டு நாளும் மிச்சம்.

அடுத்தது கேபிள். லெப்டொப்புல ஒன்பது ஊசி ஓட்டை கிடையாது. யூ.எஸ்.பி.யில இருந்து மாத்துற மலிவான கேபிளுக்கு ட்ரைவர் போடணும். போட்டோம். குப்பை குப்பையா எழுத்து வந்தது. வேகம் பொருந்தல. கருவி 9600ல பேசுது, நாங்க 115200ல கேட்டுக்கிட்டு இருந்தோம். சரி பண்ணினோம். "அனுமதி இல்லை" என்றது. வேற ஒரு புரோகிராம் அதே ஓட்டையைப் பிடிச்சு வச்சிருந்தது. அதை மூடினோம். பதில் வந்தது.

அந்த முதல் பதில் வரி திரையில விழுந்தப்போ மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பார்த்தார். அன்றிரவு ஒரு 12 வோல்ட் பெட்டரியை பல்போட இணைச்சு, நிமிசத்துக்கு ஒரு தடவை அளந்து நேரத்தோட எழுதி வைக்கச் சொல்லிட்டுப் போனோம். மொத்தம் பதினைஞ்சு வரி ஸ்க்ரிப்ட். காலையில வந்து பார்த்தால் பெட்டரி எத்தனை மணிக்குத் தளர ஆரம்பிச்சது, எத்தனை மணிக்குச் செத்தது என்று முழுக் கதையும் இருந்தது. "கஸ்டமர்கிட்ட இனி வாயால சண்டை போட வேண்டியதில்ல" என்றார் மாமா. பெட்டரி நல்லா இருக்கா இல்லையா என்று அவர் சொல்றதையும் வாங்க வந்தவர் சொல்றதையும் தவிர, மூணாவதா ஒரு சாட்சி கிடைச்சுட்டது.

இந்தச் "சாட்சி" என்ற சொல்லுக்காகத்தான் நாங்க இதை எழுதுறோம்.

மாமா கடைக்குப் பக்கத்துல லீக்ஸ், கோவா, கரட் வாங்கி கொழும்புக்கு அனுப்புற மரக்கறிக் கடை. அங்கே எலக்ட்ரோனிக் தராசு. அதுக்குப் பின்னாலயும் அதே ஓட்டை! கேட்டு வாங்கிச் சொருகினோம். ஒண்ணும் வரல. ரெண்டாம் ஊசியும் மூணாம் ஊசியும் மாறி இணையணும் என்று மாமாதான் கண்டுபிடிச்சு வயரை மாத்தி ஒட்டிக் கொடுத்தார். வந்துச்சு. தராசு செக்கனுக்குப் பல தடவை ஒரு வரியை அனுப்பிக்கிட்டே இருக்கு. அந்த வரியில வெறும் எடை மட்டும் இல்லை. முதல்ல ரெண்டு எழுத்து: முள் நிலையா நிக்குதா, இன்னும் ஆடுதா. அடுத்து ரெண்டு எழுத்து: இது மொத்த எடையா, கழிவு போன நிகர எடையா. பிறகுதான் எண்ணும் கிலோ என்ற குறியும். வெறும் சாக்கை வச்சு "டேர்" பட்டனை அமுக்கினால் மொத்தம் என்பது நிகரம் என்று மாறிடுது. முன்பக்கத் திரையில் பார்க்கிற ஆளுக்கு அது ஓரத்துல எரியுற ஒரு சின்ன விளக்கு மட்டுந்தான். பின்பக்கம் கேட்கிற ஆளுக்கு எல்லாம் எழுத்துல இருக்கு.

அன்றைக்கு எங்களில் ஒருத்தியின் அம்மா மரக்கறி வாங்க வந்திருந்தாங்க. இருபத்தெட்டு வருசமா கொழுந்து பறிக்கிறவங்க. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டாங்க: "ஏன்டி, எங்க மலைத் தராசும் இப்படிப் பேசுமா?"

எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியல.

தோட்டத்துல பிறக்காதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் என்பது நேரத்தால மட்டும் வர்றதில்லை. தோட்டம் வச்சிருக்கிற கிலோ அளவைத் தொட்டால்தான் முழுப் பேர். தொடாட்டி பல இடத்துல அரைப் பேர். அளவுக்கு மேல பறிச்சால் கிலோவுக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசு. ஆக, மலையில தொங்குற அந்தத் தராசுதான் அன்றைய நாளோட பெயரை முடிவு பண்ணுது. 2021ல நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்றானது. ரெண்டுக்கும் எத்தனை கூட்டம், எத்தனை மறியல், எத்தனை வழக்கு! எல்லாரும் ரூபாவைப் பத்தித்தான் பேசினோம். கிலோவைப் பத்திப் பேசினது குறைவு.

கொழுந்தை நிறுக்கிறப்போ சாக்குக்கு, தண்ணிக்கு, முத்தல் இலைக்கு என்று கழிக்கிறாங்க. கழிக்கவே கூடாது என்று நாங்க சொல்லல. மழை நாள்ல தலவாக்கலையில பறிக்கிற கொழுந்துல தண்ணி இருக்கும், சாக்குக்கும் எடை உண்டு. நாங்க கேட்கிறது வேற. எத்தனை கழிச்சாங்க, எதுக்குக் கழிச்சாங்க என்று பறிச்சவங்க கையில ஒரு எழுத்து இருக்கா?

கணக்குக்காக மட்டும் ஒரு எண்ணை வச்சுப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ கழிவு. மாசத்துக்கு 20 நாள் வேலை. 40 கிலோ. மலையில 50 பேர் என்றால் 2000 கிலோ பச்சைக் கொழுந்து. சுமாரா 4.5 கிலோ கொழுந்துல 1 கிலோ தேயிலை வரும். அப்போ 400 கிலோவுக்கு மேல தேயிலை. அந்தக் கழிவு முழுக்கத் தண்ணியும் சாக்குமா இருந்தால் இந்தத் தேயிலை உலகத்துல எங்கேயும் இருக்காது. இல்லாட்டி, ஒரு பங்கு ஸ்டோருக்குள்ள தேயிலையா மாறியிருக்கும், அதுக்கான கூலி மட்டும் வெளியே நின்னிருக்கும். எது உண்மை என்று சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்லை. அம்மாகிட்டயும் இல்லை. இருக்கிற ஒரே எழுத்து கணக்குப்பிள்ளையோட புத்தகம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. எங்க பாட்டன் பூட்டன் காலத்துல "துண்டு" என்று ஒண்ணு இருந்ததை வரலாறு படிச்சவங்க அறிவாங்க. ஒரு கங்காணியோட ஆட்கள் பட்ட கடனை எழுதி, அந்தக் கடனைக் கட்டினால் இவங்களை வேற தோட்டத்துக்கு விடலாம் என்று தோட்ட நிர்வாகம் கொடுக்கிற சீட்டு. அந்தச் சீட்டை வச்சு ஆட்களே கைமாறினாங்க. யாரைப் பத்தி எழுதியிருந்ததோ அவங்களால அதை வாசிக்க முடியாது. 1921லதான் துண்டு முறை சட்டத்தால ஒழிஞ்சது. ஒரு எண் எழுதப்படுது, அது உன்னோட வாழ்க்கையை முடிவு பண்ணுது, ஆனா அதை வாசிக்க உனக்குத் தெரியாது. இந்த நிலைமைதான் எங்களுக்குப் பயமா இருக்கு. ஏன் என்றால் அது இப்போ வேற உருவத்துல திரும்பி வருது.

சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துட்டது. கார்டு வச்சு நிறுக்கிற முறையும் வந்திருக்கு. நல்லதுதான் என்று முதல்ல எங்களுக்கும் தோணுச்சு. கணக்குப்பிள்ளையோட பென்சிலை விட மெஷின் நேர்மையா இருக்கும் இல்லையா? ஆனா பதினைஞ்சு வரி ஸ்க்ரிப்ட் எழுதினதுக்கு அப்புறம் அந்த நம்பிக்கை ஆடிப் போச்சு. தராசு அனுப்புற எண்ணை வாங்கி, அதுல இருந்து 2ஐக் கழிச்சு எழுது என்று சொல்ல ஒரே வரி போதும். நாங்களே எழுதிப் பார்த்தோம். திரையில 18.40, கோப்புல 16.40. தராசு பொய் சொல்லல. தராசுக்கும் புத்தகத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கிற வரிதான் கழிச்சது. அதை யாரோ ஒரு ஆள் கொழும்புல எங்கேயோ உட்கார்ந்து தட்டச்சு பண்ணியிருப்பார், யாரோ சொல்லித்தான் பண்ணியிருப்பார். முன்னாடி கணக்குப்பிள்ளைகிட்ட "ஏன் குறைச்சீங்க ஐயா?" என்று மலையிலயே நின்னு கேட்கலாம். அந்த வரிகிட்ட எப்படிக் கேட்கிறது?

அதனாலதான் சொல்றோம், கருவியைப் பேச வைக்கிற இந்தச் சின்ன வேலை இஞ்சினியர்மாருக்கு மட்டும் சொந்தமாகக் கூடாது. மலையகப் பாடசாலைகள்ல உயர்தர விஞ்ஞானப் பிரிவு எத்தனைல இருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். நாங்க கலைப்பிரிவுக்கு வந்ததுல விருப்பம் பாதி, வேற வழி இல்லாதது பாதி. "நமக்கு மெஷின் வராது" என்று பத்தாம் வகுப்புலயே முடிவாகிடுது. ஆனா இந்த வேலைக்குத் தேவைப்பட்டது கணிதமோ பௌதிகமோ இல்லை. எரர் செய்தியைப் பொறுமையா வாசிக்கணும், கேள்வியைச் சரியான வடிவத்துல கேட்கணும், வந்த பதிலைத் தேதி போட்டு எழுதி வைக்கணும். இது மூணும் எங்க பாடங்கள்ல நாங்க தினமும் செய்யுறது.

"இதுக்கெல்லாம் வெளிநாட்டு மென்பொருளுக்கு லட்சக்கணக்குல காசு வேணுமே" என்பாங்க. ஒரு காலத்துல அப்படித்தான். 1986ல வந்த லேப்வியூ போன்றவை பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்கும் கம்பெனிகளுக்கும்தான் கட்டுப்படியாகும். இன்றைக்குப் பைத்தன் இலவசம், பைவிசா இலவசம். பக்கத்து நாட்டுல டெல்லியில இருக்கிற இன்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் 2004ல ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, அதுல இருந்து எக்ஸ்பைஸ் என்ற சின்னப் பெட்டியைச் செய்தது. பைத்தன் வரியால வோல்டேஜ் அளக்கலாம், அலையை வரையலாம். வடிவமைப்பு திறந்தது, யாரும் பார்க்கலாம், செய்யலாம். பெரிய ஆய்வுகூடம் இல்லாத மாணவர்களை நினைச்சே செய்த பெட்டி அது.

இன்னொரு விசயம் தெரிஞ்சப்போ எங்களுக்கு ரொம்ப ஆச்சரியம். கீத்லி என்ற அமெரிக்கக் கம்பெனியோட விலை உயர்ந்த சோதனைக் கருவிகளுக்கு உள்ளேயே ஓடுற ஸ்க்ரிப்ட் மொழி லுவா. அது அமெரிக்காவுல பிறக்கல. 1993ல பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துல பிறந்தது. வெளிநாட்டு மென்பொருளை வாங்க நாட்டுல கடும் கட்டுப்பாடு இருந்த காலத்துச் சூழல்ல, தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே செய்துக்கிட்டாங்க. போர்த்துக்கேய மொழியில லுவா என்றால் நிலா. எங்களை மாதிரி ஒரு நாட்டுல இருந்து போன மொழி, அவங்க கருவிக்குள்ள உட்கார்ந்திருக்கு!

சரி, இனி எதிர்வாதத்துக்கு வருவோம். தோழர் ஒருத்தர் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "ஸ்க்ரிப்ட் எழுதினா சம்பளம் கூடுமா? இது சங்கம் போராட வேண்டிய விசயம். நீங்க கேபிள் சொருகி விளையாடுறீங்க." பாதி சரி. ஸ்க்ரிப்ட் சம்பளத்தைக் கூட்டாது. மலையில தொங்குற தராசு பலதுக்குப் பின்னால ஓட்டையே கிடையாது. இருந்தாலும் அதுல கேபிள் சொருக எங்களை விடமாட்டாங்க. ஆனா சங்கம் பேச்சுவார்த்தை மேசைக்குப் போறப்போ என்ன கேட்கணும் என்று தெரிஞ்சிருக்கணும் இல்லையா? "நேர்மையா நிறுங்க" என்று கேட்டால் "நேர்மையாத்தான் நிறுக்கிறோம்" என்பதோட கதை முடிஞ்சுடும். தராசு தன்னாலேயே மொத்தம், கழிவு, நிகரம், நிலையா ஆட்டமா என்று எல்லாத்தையும் சொல்லக்கூடியது என்று தெரிஞ்ச ஆளால மட்டும்தான் "அந்த வரியை அப்படியே துண்டுச்சீட்டுல அச்சடிச்சு எங்க கையில தாங்க" என்று கேட்க முடியும்.

நாங்க கேட்கிறது நாலே நாலு.

ஒண்ணு, டிஜிட்டல் தராசு வர்ற தோட்டங்கள்ல ஒவ்வொரு நிறுவைக்கும் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூணையும் தமிழ்ல போட்டுச் சீட்டு தரணும். எண்ணை அச்சடிக்கிறது தராசுக்குப் புது வேலை இல்லை, அது ஏற்கனவே சொல்லிக்கிட்டு இருக்கிறதுதான்.

ரெண்டு, நிறுக்கிற இடத்துல எடை தெரிஞ்ச ஒரு படிக்கல் எப்பவும் இருக்கணும். சந்தேகம் வந்தால் யாரும் அதைத் தொங்க விட்டுப் பார்க்கலாம். இதுக்குக் கொம்பியூட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குற அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம்தான் இந்த நாட்டுல தராசுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துது. டவுன்ல அரிசி வாங்குறப்போ நாம எதிர்பார்க்கிற அந்த முத்திரையை மலையிலயும் எதிர்பார்க்கலாம்.

மூணு, கழிவு எப்படிக் கணக்கிடப்படுது என்ற விதி, அது மென்பொருளுக்குள்ள இருந்தாலும் சரி, பெரட்டுக்களத்துல எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதி ஒட்டணும்.

நாலாவது எங்க ஆட்களுக்கு. கலைப்பீடத்துல ஒரு அரையாண்டு விருப்பப் பாடமா இதை வைக்கச் சொல்லிக் கேட்போம். அது வர்ற வரைக்கும் காத்திருக்காம நாமளே படிப்போம்.

எங்க ஊரை அளக்காத கருவி இல்லை. 1925ல தொடங்கின தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்துல சென்ட் கூம்ஸ்லதான் இருக்கு. இலையை, மண்ணை, மழையை அங்கே அளக்காத நாள் இல்லை. 2012ல இயங்கத் தொடங்கின மேல் கொத்மலைத் திட்டம் எங்க டவுன் ஓரத்துலயே ஆத்தை மறிச்சு, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்துல தண்ணியை அனுப்பி 150 மெகாவொட் மின்சாரம் எடுக்குது. அங்கே ஒவ்வொரு அங்குலத் தண்ணிக்கும் ஒரு அளவு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பதிவு. ஆத்துத் தண்ணிக்குக் கிடைக்கிற பதிவு, அம்மா முதுகுல சுமந்து வர்ற கொழுந்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நாங்க பட்ட நாலு நாள் பாட்டை வேற யாரும் படக்கூடாது என்று, எதை இறக்கணும், எதை இறக்கத் தேவையில்லை, வேகத்தை எங்கே பார்க்கணும், ரெண்டாம் மூணாம் ஊசியை எப்படி மாத்தணும் என்று படிப்படியா தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கோம். முடிஞ்சதும் இதே இடத்துல போடுவோம். உங்க வீட்டுலயோ கடையிலயோ பின்னால ஓட்டை உள்ள மீட்டரோ தராசோ இருந்தால், அதோட மாடலைக் குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த விடுமுறைக்கு மாமா கடையில உட்காருவோம்.

அம்மாவுக்கு அன்றைக்கு நாங்க சொன்ன பதில் இதுதான்: "பேசும்மா. ஆனா நாம கேட்கணும்." அவங்க கோவாவை எடுத்துப் பையில போட்டுக்கிட்டே சொன்னாங்க: "கேட்டுத்தான் பாருங்களேன்."